சுமை கழித்த நோவு

"உன் நோவு எண் என்ன?" என்று கேட்டார் குழுத் தலைவர் நாச்சிமுத்து.

"அறுபத்தாறு" என்றது நெடுங்கரை அரசு உயர்நிலைப் பள்ளியின் கட்டடம்.

மேசையைச் சுற்றியிருந்த சட்டப் பேரவையின் மானிய ஆய்வுக் குழு உறுப்பினர்கள் ஒன்பது பேரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். சாட்சிக் கூண்டில் ஆள் யாரும் இல்லை. ஓர் ஒலிப்பெட்டி மட்டும் இருந்தது. கட்டடம் ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில், கடலோர ஊரில் நின்றுகொண்டிருந்தது. அதன் தலைமையாசிரியை சுகிர்தாதான் ரயிலேறி வந்து, கூண்டுக்குப் பக்கத்து நாற்காலியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்தைத் தாண்டினால் புதுக் கட்டடம் நிச்சயம். தாண்டியாயிற்று. இன்னும் இரண்டொரு கேள்வி, தலைவரின் கையெழுத்து, அவ்வளவுதான்.

நோவுமணி வந்த பிறகு பேரவையில் பொய் சொல்லும் வேலை பாதியாகக் குறைந்திருந்தது. அரிசி அளவே உள்ள உணரி அது. புதுக் கட்டடமென்றால் சிமெண்டுக் கலவையோடு கலந்துவிடுவார்கள். பழையதென்றால் தூணிலும் உத்தரத்திலும் துளை போட்டு ஊசி மாதிரி ஏற்றிவிடுவார்கள். எந்த உத்தரம் வளைகிறது, எந்தத் தூணில் கம்பி துருப்பிடிக்கிறது என்று மணிகள் தங்களுக்குள் கலந்து பேசி, கடைசியில் ஒரே ஓர் எண்ணைச் சொல்லும். பூஜ்யம் என்றால் பரம சுகம். எண்பது என்றால் அபாய மணி தானே அடிக்கும், வாசலில் சிவப்பு விளக்கு எரியும். நூறைச் சொல்வதற்குக் கட்டடம் இருக்காது.

முன்பெல்லாம் எந்தப் பள்ளிக்குக் கூரை, எந்தப் பள்ளிக்கு வெறும் அடிக்கல் என்பதை அமைச்சருடைய மாமனார் ஊர் முடிவு செய்தது. இப்போது வலிக்கிற கட்டடமே வாயைத் திறக்கிறது. ஆனால் கேட்டால்தான் சொல்லும். அதுவும் குழு உறுப்பினர் கேட்டால்தான் சொல்லும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒழுங்காகப் பராமரித்த பள்ளிக்கு வலிக்காது. வலிக்காத பள்ளிக்குக் காசு வராது. சுகிர்தா விரிசல் கண்ட இடத்திலெல்லாம் கொத்தனாரைக் கூட்டிவந்து பூசிக்கொண்டே இருந்ததால், நெடுங்கரையின் எண் ஐம்பதைத் தாண்டவேயில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. அதன் எண் எழுபதைத் தொட்டது. மூன்று மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. நெடுங்கரையிலோ இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் நடந்தன. பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். அந்தக் கோபத்தில்தான், மற்றத் தலைமையாசிரியர்கள் வருடா வருடம் செய்வதை சுகிர்தாவும் இந்த முறை செய்தார். நோவு அளக்கும் மாதத்தில் மொட்டை மாடியில் தண்ணீர் டிரம்களை வரிசையாக ஏற்றி வைத்தார்.

ஆசிரியர் வட்டாரத்தில் இதற்குச் 'சுமை வைப்பது' என்று பெயர். தொகுதிப் பக்கம் வரும் உறுப்பினர்களே, "மேல கொஞ்சம் சுமை வையுங்க, நம்பர் தானா வரும்" என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். மொட்டை மாடியில் என்ன இருக்கிறது என்று எந்தக் கட்டடத்திடமும் இந்தக் குழு இதுவரை கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் மறதி அல்ல.

சுகிர்தா கவனமாகத்தான் செய்திருந்தார். டிரம்களில் பாதித் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். அவற்றுக்கு நேர் கீழே மாடியில் இருந்த எட்டாம் வகுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டுத்தான் ரயிலேறினார்.

நாச்சிமுத்து பேனாவைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒலிப்பெட்டியைப் பார்த்தார். "எதுக்கும் இன்னொருக்கா கேட்டுக்கலாமுங்க. இப்ப எத்தன?"

"அறுபத்தொன்பது."

"அதுக்குள்ள மூணு ஏறிப்போச்சுங்களா? ஏன், அங்க என்ன நடக்குது?"

"மழை பெய்கிறது" என்றது கட்டடம்.

சுகிர்தா கிளம்பும்போது வானம் பளிச்சென்று இருந்தது. டிரம்களுக்கு மூடி கிடையாது. அதைவிடப் பெரிய பயம், மழை பெய்தால் மரத்தடியில் யார் உட்காருவார்கள்? பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் உடற்கல்வி ஆசிரியர் பிச்சையா பிள்ளைகள் நனையப் பொறுக்காதவர். மாடி வகுப்பைத் தவிர அவருக்கு வேறு அறையும் இல்லை. பாதித் தண்ணீரைக் கட்டடம் நன்றாகத் தாங்கும் என்று அவருக்குத் தைரியம் சொன்னதே சுகிர்தாதான்.

"ஐயா" என்று அவர் எழுந்தார். "மாடி வகுப்புல பிள்ளைய இருக்காவளான்னு அதுகிட்ட கேளுங்கய்யா."

"சாட்சி சாட்சியக் கேள்வி கேக்கறதுக்கு விதியில்லீங்க, டீச்சரம்மா. உக்காருங்க."

"நான் கேக்கல ஐயா. நீங்க கேளுங்க."

குழுவின் நிதி ஆலோசகர் கோதண்டம் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இது நோவு விசாரணை மேடம். அட்டெண்டன்ஸ் எடுக்கற இடம் இல்ல."

நாச்சிமுத்து மறுபடி எண்ணைக் கேட்டார். எழுபத்து மூன்று.

பொய்நோவு காட்டியதாகத் தெரிந்தால் பள்ளிக்குப் பத்து வருடம் மானியம் கிடையாது. தலைமையாசிரியைக்கு வேலை கிடையாது. சட்டம் அப்படித்தான் சொன்னது. பேசாமல் இருந்தால் இன்னும் சற்று நேரத்தில் கையெழுத்து விழுந்துவிடும். எண்பதில் மணி அடிக்கும், பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் பார்த்தார் சுகிர்தா. ஆனால் மாடி வகுப்புக்கு மேலிருந்த உத்தரத்தின் வயது அவருக்குத் தெரியும். அது எண்பதுவரை காத்திருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

"மொட்டை மாடியில தண்ணி டிரம் இருக்கு" என்றார் சத்தமாக. "நான்தான் வச்சேன். இப்ப மழைத் தண்ணியும் சேந்திருக்கும். கீழ பிள்ளைய இருந்தா என்னா ஆகும்னு நெனைச்சுப் பாருங்க ஐயா!"

யாருக்கும் அதிர்ச்சி இல்லை. ஒருத்தி அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாளே என்ற திகில்தான் முகங்களில் இருந்தது. நாச்சிமுத்து ஒலிப்பெட்டியின் பக்கம் சாய்ந்தார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு.

"மாடி வகுப்புல எத்தன பேரு?"

"முப்பத்தெட்டுப் பேர் எடை இருக்கிறது."

"மணிய அடி!"

"எண்பதில் அடிப்பேன்."

"நாந்தான் சொல்றேனல்ல, இப்பவே அடி!"

"எண்பதுக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது இந்தக் குழுவின் தீர்மானம்" என்றது கட்டடம், கோபமோ வருத்தமோ இல்லாமல்.

வாசலில் வாங்கி வைத்திருந்த சுகிர்தாவின் கைபேசியை எடுத்துவர ஓர் உதவியாளர் ஓடினார். வந்ததும் சுகிர்தா அவசரத்தில் முதல் முறை தவறான பெயரைத் தொட்டுவிட்டார். மறுமுறை எதிர்முனையில் அழைப்பு மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பிச்சையா எடுத்தார்.

"என்ன டீச்சர், கையெழுத்துப் போட்டாச்சா?"

"சார், மாடியில இருக்க பிள்ளைய எல்லாத்தையும் கீழ எறக்குங்க. ஒடனே!"

"வெளிய மழை கொட்டுதே டீச்சர்."

"நனையட்டும் சார்! டிரம் நெறஞ்சு நிக்கும். எறக்குங்க சார், உங்களக் கும்பிடுதேன்!"

பெஞ்சுகள் இழுபடும் சத்தம் கேட்டது. படியில் காலடிகள் தடதடத்தன. அதற்கு நடுவே கைபேசி வழியாகவே அபாய மணி அடிக்க ஆரம்பித்தது. சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டார். உறுப்பினர்கள் தங்கள் நாற்காலிகளின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார்கள்.

"எல்லாரும் எறங்கியாச்சு டீச்சர்" என்றார் பிச்சையா மூச்சிரைக்க. "கீழ் வகுப்புப் பிள்ளையளும் வாசல்கிட்ட வந்துட்டாவ. எண்ணிப் பாத்துட்டேன்."

சுகிர்தா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வேலை போனது போகட்டும், முப்பத்தெட்டும் பிழைத்தது என்ற ஆறுதலில் வந்த அழுகை.

"இப்ப எத்தன?" என்று பெட்டியைக் கேட்டார் நாச்சிமுத்து.

"எழுபத்தேழு."

அறுபதுக்குக் கீழே இறங்கும்வரை மணி ஓயாது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் கோதண்டம்தான் முதலில் தெளிந்தார். பேனாவால் மேசையைத் தட்டினார்.

"எண்பதுல இருந்தது எழுபத்தேழு ஆயிடுச்சு. டிரம்ம யாரும் தொடல. பிள்ளைங்கதான் எறங்கினாங்க. அப்ப பிள்ளைங்களும் சுமைதான் சார்."

"அதுக்கு இப்ப என்னங்க?"

"சார், இந்த அம்மா சொன்னது குறிப்புல ஏறிடுச்சு. அவைக்குப் போனா, எல்லாப் பள்ளி மொட்டை மாடியும் பாக்கச் சொல்லுவாங்க. சுமை வைக்கச் சொன்னது யாருன்னு ஒவ்வொரு ஹெட்மாஸ்டரையும் கூப்பிட்டுக் கேப்பாங்க." அவர் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எதிர்க்கட்சி உறுப்பினர் உட்பட யாரும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. "இப்பவே ஒரு தீர்மானம் போட்டுடலாம். கட்டடத்து மேல வெளியிலிருந்து வர்ற எந்தச் சுமையையும், பிள்ளைங்க எடையும் சேத்து, கழிச்சிட்டுத்தான் நோவு எண் கணக்கிடணும். டிரம் வச்சாலும் பிரயோசனம் இல்ல, வைக்கலைன்னாலும் ஒண்ணும் இல்ல. பொய்நோவுங்கற பேச்சே எழாது. மானியமும் மிச்சம்."

"டீச்சரம்மா மேலயும் நடவடிக்கை வராதுங்களா?"

"பொய்நோவே இல்லன்னா நடவடிக்கை எதுக்கு சார்?"

சுகிர்தா கண்களைத் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவருக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது. வேலை தப்பிக்கும், ஊரில் தலை நிமிர்ந்து நடக்கலாம். அவர் வாயைத் திறக்கவில்லை.

கைகள் உயர்ந்தன. ஒன்பதும் உயர்ந்தன. இத்தனை ஒற்றுமையை அந்த அறை பல வருடங்களாகப் பார்த்ததில்லை. குழு தீர்மானித்தால் கோப்பு நகரக் காத்திருக்க வேண்டியதில்லை, கட்டடங்கள் அந்த நொடியே கடைப்பிடிக்கும் என்பது நோவுமணி ஏற்பாட்டின் பெருமை.

"உன் நோவு எண் என்ன?"

"பதினெட்டு" என்றது நெடுங்கரைப் பள்ளி.

மணி நின்றது. அறையில் எல்லோரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். யாரோ தேநீருக்குச் சொன்னார்கள்.

சுகிர்தாவின் கையிலிருந்த கைபேசியில் பிச்சையாவின் குரல் கேட்டது. "டீச்சர், மணி நின்னுட்டு. வாசல்ல பச்சை எரியுது. பிள்ளைய எல்லாம் நனைஞ்சு நடுங்கிட்டு நிக்கி. மேல கூட்டிட்டுப் போகவா?"

அப்போதுதான் சுகிர்தாவுக்கு எல்லாம் புரிந்தது. டிரம்கள் மாடியில் அப்படியேதான் இருந்தன. மழையும் நிற்கவில்லை.

"போகாதீங்க சார்! பச்சையப் பாக்காதீங்க! யாரையும் உள்ள விடாதீங்க!" என்று கத்தினார். பிறகு தலைவரிடம் திரும்பினார். "ஐயா, அபாய மணிக்கும் இதே எண்ணுதானா?"

"ஒரே எண்ணுதானுங்க. ரெண்டு எண்ணு வச்சா கொழப்பம் வருமில்லீங்களா."

"அப்ப மத்தப் பள்ளியெல்லாம்? எல்லா மாடியிலயும் சுமை இருக்கே ஐயா! அங்கயும் மழை பெய்யும்லா? அவியளுக்கு யாரு போன் பண்ணுவா?"

கேள்வி நாச்சிமுத்துவுக்கு உறைத்தது என்பதை முகம் காட்டியது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எந்த மாடியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த சாட்சியை அழைக்கச் சொன்னார்.

ஒலிப்பெட்டியில் விளக்கு மாறியது. அவருடைய சொந்தத் தொகுதிப் பள்ளி. நேற்றுவரை அதன் எண் எழுபத்தொன்று.

"உன் நோவு எண் என்ன?"

"பன்னிரண்டு."

"ஐயா, அதோட தலைக்கு மேல என்ன இருக்குன்னு ஒரு வார்த்த கேளுங்கய்யா" என்று கெஞ்சினார் சுகிர்தா.

"அதத்தான் கழிச்சாச்சுங்களே, டீச்சரம்மா" என்றார் நாச்சிமுத்து, அவர் முகத்தைப் பார்க்காமலே.