மீனுக்கு வைத்த வாஃபிள்

அந்தச் சனிக்கிழமை அமெரிக்காவின் டுலூத் நகரில் பனி ஜன்னல்வரை குவிந்திருந்தது. பத்து வயது மார்னி அதைப் பார்க்கவே இல்லை. அவள் கண் முழுக்கத் தன் கடல்மீன் தொட்டியில்தான் இருந்தது.

கோமாளி மீன்கள் இரண்டில், பிக்கிள் மணலோடு ஒட்டிக் கிடந்தது. வாஃபிள் நீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

மார்னி தொட்டி நீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சோதனை மருந்தைச் சொட்டினாள். மஞ்சளாக இருந்தால் நல்ல நீர். இது பச்சையாக மாறியது. ஏதோ அழுகி, நீரில் அம்மோனியா சேர்ந்துவிட்டது. மீனுக்கு அது நஞ்சு.

அப்பா கால்வின் வாளியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக் குழாய்க்கு ஓடினார்.

"அந்தத் தண்ணி வேணாம்ப்பா. அதுல உப்பே இல்ல, குளோரின் வேற இருக்கு. மீனுங்க உடனே செத்துடும்."

அப்பா வாளியை அப்படியே கீழே வைத்தார்.

சுத்திகரித்த நீரில் கடல் உப்பைக் கரைத்து, சூடேற்றும் கருவியைப் போட்டாள் மார்னி. உப்பும் சூடும் தொட்டியில் இருப்பதுபோலவே வரவேண்டும். அதற்கு நேரமாகும். ஆனால் அழுகியது எது? அது உள்ளேயே கிடந்தால், நீரை மாற்றியும் பயனில்லை.

அப்போதுதான் கவனித்தாள். ஐந்து வயதுத் தம்பி ஓட்டிஸ் மேசைக்கு அடியில் ஒளிந்திருந்தான்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவன் உதடு துடிப்பதைப் பார்த்ததும், தானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

"உன் வயசுல நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மீனுக்குக் குளிருதேன்னு சூடா சாக்லேட் பால் ஊத்தப் போனேன். அப்பா கையைப் பிடிச்சுட்டாரு."

ஓட்டிஸ் மெல்ல அவள் பக்கம் நகர்ந்தான்.

"அந்த மீனுக்கு வாஃபிள்னு பேரு வச்சோம். ஆனா அது ஒரு தடவகூட வாஃபிள் சாப்பிட்டதில்ல. பாவமில்ல? அதான், எனக்குச் சாப்பிடக் குடுத்த வாஃபிள்ல பாதிய தொட்டிக்குள்ள அந்தப் பாறைக்குப் பின்னாடி வச்சேன்."

"எப்போ?"

"வியாழக்கிழமை."

மார்னி எழுந்து போய், தொட்டிப் பாறைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். கொழகொழவென்று ஒரு கட்டி வந்தது. நாற்றத்தில் அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

மதியத்திற்குள் புதிய உப்புநீர் தயாரானது. தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றினார்கள். மார்னி புதிய நீரை மெல்ல மெல்ல ஊற்ற, ஓட்டிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாயங்காலம் வாஃபிள் கீழே இறங்கி நீந்தியது. ஆனாலும் மருந்தில் இளம்பச்சை தெரிந்தது. ஞாயிறும் திங்களும் மறுபடி நீரை மாற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமை சோதனைக் குழாயில் நல்ல மஞ்சள். பச்சையின் சாயல்கூட இல்லை. மார்னி "அப்பாடா" என்று தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டாள்.

ஓட்டிஸ் அக்காவிடம் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு சிட்டிகை மீன்தீனியைத் தூவினான். பிக்கிளும் வாஃபிளும் முட்டி மோதிச் சண்டை போட்டன. ஒரு சண்டையைப் பார்த்து அந்த வீட்டில் மூன்று பேரும் இவ்வளவு மகிழ்ந்ததே இல்லை.