உயிரளவி

தினமும் காலையில் எல்லைப் பாலத்துக்கு வந்து, இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் நடுவில் நின்று, இருதயராஜ் ஒரு தம்ளர் ஆற்றுத் தண்ணீர் குடிப்பார். அவர் கையில் பதித்திருந்த வில்லை, ரத்தத்தில் ஏறிய உப்பை அளந்து காட்டும். பச்சை விளக்கு எரியும். அதிகாரிகள் கைகுலுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். செவ்வாய்க் கிரகத்தின் இரண்டு குடியேற்றங்கள் அடித்துக்கொள்ளாமல் இருந்தது இப்படித்தான்.

மேட்டகத்துச் சுரங்கங்கள் ஆற்றில் உப்பைக் கொட்டுகின்றன என்பது கீழே இருந்த பள்ளகத்தின் பழைய புகார். கருவி வைத்து அளந்தால், உன் கருவி பொய், என் கருவி மெய் என்று சண்டை. கடைசியில், பொய் சொல்லத் தெரியாதது மனித உடம்பு ஒன்றுதான் என்று ஒப்பந்தம் போட்டார்கள். பள்ளகத்துக்காரர் ஒருவர் உயிரளவியாக இருப்பார். அவர் ரத்தத்தில் உப்பு வரம்பைத் தாண்டினால் சுரங்கங்களை மூடிவிட வேண்டும்.

முதல் வாரமே மேட்டகம் இருதயராஜின் உடல்நலத்தில் மிகுந்த அக்கறை கொண்டு, அவர் சிறுநீரகத்தோடு ஓர் உப்புச்சல்லடையைப் பொருத்திவிட்டது. ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இல்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. அதே தண்ணீரைக் குடித்த ஊர், வீங்கி வீங்கிச் செத்துக்கொண்டிருந்தது.

பிறகு அவருடைய மகள் ஜெனிட்டாவின் முகம் வீங்கியது.

"பிள்ளைக்கும் ஒரு சல்லடை வச்சுக் குடுங்கய்யா" என்று மேட்டகத்து ஆணையர் குலசேகரனிடம் கெஞ்சினார்.

"அது அளவிக்கு மட்டும்தான்ப்பா. உனக்குத் தெரியாததா?"

ஓர் உடம்பில் பொருத்திய சல்லடை இன்னோர் உடம்புக்கு ஆகாது. இருதயராஜ் மனைவி பிலோமினாவிடம் சொன்னார். "இதை எடுத்துடப் போறேன். சுரங்கத்தை மூடட்டும். பிள்ளை நல்ல தண்ணி குடிக்கட்டும்."

"உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆனாத்தான் சிவப்பு விளக்கு எரியும்."

களவாக வைத்தியம் பார்க்கும் ஒருவர் அதை எடுத்துவிட்டார். சில நாளில் சிவப்பு விளக்கு எரிந்தது. பள்ளகம் பட்டாசு வெடித்துக் கொண்டாடியது. இருதயராஜ் பாலத்திலேயே விழுந்து செத்துப்போனார்.

இரு நாட்டு நிபுணர்களும் கூடினார்கள். இத்தனை வருடம் நன்றாக இருந்த ஆறு திடீரென்று எப்படிக் கெடும்? அளவிதான் பழுது என்று முடிவானது. பள்ளகத்து நிபுணர்களும் கையெழுத்திட்டார்கள். அன்று மாலையே அவர்கள் வீடுகளுக்குச் சல்லடைகள் வந்து சேர்ந்தன.

புதிய உயிரளவி தேவை, சல்லடை இலவசம், வயது வரம்பு கிடையாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் ஊரே பாலத்தில் திரண்டது. ஆர்ப்பாட்டம் என்று நினைத்துக் காவலர்கள் தடியை எடுத்தார்கள். பார்த்தால், வரிசை. பலர் கையில் சிபாரிசுக் கடிதம். எல்லாருக்கும் முன்னால், ஜெனிட்டாவை இடுப்பில் வைத்தபடி பிலோமினா.

"எல்லாத்தையும் உங்க வீட்டுலயே அனுபவிக்கணுமா? எங்களுக்கும் விடுங்க" என்று பின்னால் நின்றவர் இடித்தார்.

குலசேகரன் தம்ளரை நீட்டினார். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் குமட்டியது.

"தண்ணி எப்படிம்மா இருக்கு?"

பிலோமினா மகளின் வாயைத் துடைத்தாள். "இனிக்குதுங்கய்யா."

"எனக்கு அதைவிட இனிக்கும் சார்!" என்றார் பின்னால் நின்றவர்.