ஒற்றை சாக்ஸ் ஆட்டம்

வாலுவின் அம்மா சலவைக்கடை நடத்தினாள். கடையில் ஒன்பது வாஷிங் மெஷின்கள், ஒரு நீளமான பெஞ்சு, துணி தள்ளும் வண்டி ஒன்று, மூலையில் ஒரு வீடியோ கேம் பெட்டி.

ஒருதடவை துணி துவைத்து முடிய நாற்பது நிமிஷம் ஆகும். பெரியவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ரொட்டிக்கடைக்காரரின் இரட்டைப் பையன்கள் ஒருநாள் துணிவண்டியில் ஏறி, வாசல் கண்ணாடிக் கதவு வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். நல்லவேளையாகக் கதவு தப்பியது. அதற்குப் பிறகுதான் மாமா வீட்டில் தூசி பிடித்துக் கிடந்த கேம் பெட்டியை அம்மா கேட்டு வாங்கி வந்தாள்.

வாலு என்பது நிஜப் பெயர் இல்லை. பதினோரு வயதுக்குள் அவள் செய்த சேட்டைகளுக்குக் கிடைத்த பட்டம் அது.

பெட்டியில் இருந்தது சண்டை விளையாட்டு. இடது கையில் ஒரு குச்சி, வலது கையில் ஆறு பட்டன். அடி விழுந்தால் திரையின் மேலே இருக்கும் பச்சைக் கோடு குறையும். நடுவில் ஒரு கடிகாரம் அறுபதிலிருந்து இறங்கும். அது பூஜ்யத்தைத் தொடும்போது யாருடைய கோடு நீளமோ அவருக்கு வெற்றி. பக்கத்துச் சுவரில் அம்மா எழுதி ஒட்டியிருந்தாள்: ‘ஜெயித்தவர் நிற்கலாம். தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போகவும்.’

வாலு தோற்று வரிசைக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. திரையில் அவளுடைய ஆளான தீக்குருவி பறந்து வந்து உதைத்தால் எதிராளி இருபது நொடிகூடத் தாங்கமாட்டார். முதலில் எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு கொட்டாவி விட்டார்கள். கடைசியில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

திங்கட்கிழமை இரட்டையர்கள் மறுபடி வண்டியில் ஏறினார்கள். துவைத்து மடித்து வைத்த ஒரு கூடைத் துணி தரையில் கொட்டியது. அம்மா எல்லாவற்றையும் திரும்பத் துவைக்கப் போட்டாள். அப்புறம் வாலுவைக் கூப்பிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை மாமா வர்றார். அப்பவும் இதே கதைன்னா, பெட்டியை எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவேன்.”

“நான் என்னம்மா பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. ஜெயிச்ச. ஜெயிச்சு ஜெயிச்சு எல்லாரையும் அனுப்பிட்ட.”

அந்தப் பெட்டி இல்லாத கடையை வாலுவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் ஒரு புதுப் பெண் வந்தாள். எட்டு வயது இருக்கும். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் விட்டு ஒருநாள் பை நிறைய வெள்ளைச் சட்டைகளோடு வருவார். பெண்ணுக்கு உருண்டை முகம், குட்டை உருவம். அவளைப் பட்டாணி என்றுதான் வீட்டில் கூப்பிட்டார்கள். தெருவுக்குப் புதிது என்பதால் வாலுவின் புகழ் அவளுக்குத் தெரியாது. தைரியமாக ஆட வந்தாள். பதினோரு நொடியில் தோற்றாள்.

விட்டால் இவளும் போய்விடுவாள் என்று வாலு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தானே சொல்லித் தருவதாகச் சொல்லி, ஒரு ரசீதின் பின்பக்கத்தில் தன்னுடைய மிகச் சிறந்த அடியை எழுதிக் கொடுத்தாள். கீழே, முன்னே, குத்து, குத்து, மேலே, உதை, உதை. மொத்தம் ஏழு படி.

பட்டாணி அதை மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டே ஆடினாள். மூன்றாவது படிக்கு வரும்போதே அவளுடைய ஆள் தரையில் கிடந்தான். இப்படி ஆறு தடவை.

“எனக்கு இது வராதுக்கா” என்றாள். போய் மெஷினுக்குள் துணி சுற்றுவதை வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் தோற்காத வாலு, சுற்றும் துணியிடம் தோற்றுப்போனாள்.

வியாழக்கிழமை பட்டாணி பெட்டிப் பக்கமே வரவில்லை. ஜோடி தொலைந்த சாக்ஸ்களைப் போட்டு வைக்கும் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு ஆட்டம் என்று வாலு கெஞ்சிய பிறகுதான், வலது கையில் ஒரு நீல சாக்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். சாக்ஸின் வாயைத் திறந்து மூடி அதைப் பேச வைத்தாள்.

“நான் ஆட மாட்டேன், எனக்குத் தூக்கம் வருது” என்றது சாக்ஸ்.

அதற்குள் தீக்குருவி பாய்ந்துவிட்டது. சாக்ஸ் மாட்டிய கையால் பட்டனை அழுத்த முடியாமல், பட்டாணி பயந்துபோய் இடது கையால் குச்சியைப் பின்னால் இழுத்தாள். உதை விழுந்தது. பச்சைக் கோடு குறையவில்லை. இன்னொரு உதை. அப்போதும் குறையவில்லை.

வாலு ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தாள். பின்னால் இழுத்தால் அடியைத் தடுக்கலாம். இது அவளுக்கு எப்போதோ தெரியும். தெரிந்து ரொம்ப நாள் ஆனதால், சொல்லித்தர வேண்டிய விஷயம் என்பதையே மறந்துவிட்டாள். ஏழு படி அடியை எழுதிக் கொடுத்ததை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“சாக்ஸைக் கழட்டாத” என்றாள். “இன்னைக்கு நீ அடிக்கவே வேணாம். கடிகாரம் பூஜ்யத்துக்கு வர்ற வரைக்கும் விழாம நின்னா போதும்.”

வாலு மெதுவாக அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சத்தமாகச் சொன்னாள். மேலே என்றால் பின்னால் இழுக்க வேண்டும். கீழே என்றால் பின்னாலும் கீழேயும் சேர்த்து இழுக்க வேண்டும். நாலாவது ஆட்டத்தில் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டபோது பட்டாணியின் ஆள் நின்றுகொண்டிருந்தான். அவள் சிரித்த சிரிப்பில் இரட்டையர்கள் வண்டியை விட்டு இறங்கி வந்தார்கள்.

அவர்களுக்கும் ஆளுக்கொரு சாக்ஸ் கிடைத்தது. பச்சைக் கோடு போட்ட சாக்ஸ் யாருக்கு என்று பத்து நிமிஷம் சண்டை போட்டார்கள். அது பெட்டிக்கு வெளியே நடந்த சண்டை. வெள்ளிக்கிழமை தபால்காரரின் மகள் வந்தாள், அவளோடு இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

சனிக்கிழமை பட்டாணியின் சாக்ஸை வாலு கழற்றினாள். ஆனால் ஒரே ஒரு பட்டனுக்குத்தான் அனுமதி.

“நான் உதைச்சு, அது உன் மேல படாம போச்சுன்னா, அப்ப மட்டும் ஒரு குத்து. அவ்வளவுதான்.”

“ஒண்ணே ஒண்ணா?”

“ஒண்ணு போதும்.”

ஞாயிற்றுக்கிழமை, பெட்டியைக் கட்டி எடுத்துப் போக மாமா கயிற்றோடு வந்தார். பெட்டியின் முன்னால் நீளமாக ஒரு வரிசை நின்றது. என்ன ஏது என்று எட்டிப் பார்த்தவரிடம், வரிசையில் வரச் சொல்லி இரட்டையரில் ஒருவன் கட்டம் போட்ட சாக்ஸ் ஒன்றை நீட்டினான். மாமா கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

திரையில் வாலுவும், துவைக்கத் துணி இல்லாமலே வந்திருந்த பட்டாணியும். வாலு விட்டுக்கொடுக்கவில்லை. தீக்குருவி பறந்து பறந்து உதைத்தது. பட்டாணி உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் இழுத்தாள், கீழே இழுத்தாள், மறுபடி பின்னால் இழுத்தாள். கடிகாரத்தில் ஒன்பது. எட்டு. வாலுவுக்குப் பொறுமை போய்விட்டது. தூரத்திலிருந்தே ஒரு பெரிய உதை விட்டாள். அது காற்றில் போனது.

பட்டாணி ஒரே ஒரு குத்து விட்டாள்.

தீக்குருவியின் கோடு ஒரு நகத்தளவு குறைந்தது. பட்டாணியின் கோடு அப்படியே இருந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. பூஜ்யம்.

பட்டாணி ஜெயித்துவிட்டாள். அப்போது கிளம்பிய சத்தத்தில் மெஷின்களின் சத்தமே அமுங்கிப்போனது. வாலு தன் குச்சியைப் பார்த்தாள். நிஜமாகவே தோற்றுவிட்டாள். கொஞ்சம் வலித்தது. பட்டாணியின் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

அம்மா கயிற்றைச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

வாலு நகர்ந்து, பெஞ்சு ஓரமாக நடந்தாள். வரிசை எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“கடைசி ஆள் யாரு?” என்று கேட்டாள்.

கட்டம் போட்ட சாக்ஸ் மாட்டிய ஒரு கை உயர்ந்தது. “நான்தான்” என்றார் மாமா.

வாலு அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாள். ஏழு பேர். ஆசையாக இன்னொரு தடவை எண்ணினாள்.