பாலாற்று மணலில் ஒளிமேகம்

பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் வேலாயுதத்தின் மாட்டுவண்டி ஆம்பூர்த் தெருக்களைக் கடந்து பாலாற்றில் இறங்கியது. 1929ஆம் வருடம், தை அமாவாசை. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரைக்குக் கரை வெறும் மணல்.

வண்டிக்குள் தோல் வியாபாரி ஹயாத் பாஷாவும் அவர் மனைவி ரஃபத் ஜஹானும் இருந்தார்கள். இருவருக்கும் நடுவே, மதராஸ் ஏலத்தில் எடுத்த பித்தளைத் தொலைநோக்கி.

ரஃபத்தின் பார்வை ஒரு வருடமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. நேரே இருப்பது தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது. உலகத்தைக் குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்பாள். கோடைக்குள் அதுவும் மூடிவிடும் என்று வேலூர்க் கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ள இன்னா பாக்கணும், சொல்லு" என்று ஹயாத் கேட்டபோது, உருதுப் பத்திரிகை ஒன்றில் தான் படித்த ஒளிமேகத்தைச் சொன்னாள். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே, புகை போல் மிதக்கும் நெபுலா.

அன்றிலிருந்து ஹயாத்துக்கு அதே யோசனைதான். தை மாதத்தில் அது முன்னிரவிலேயே உச்சிக்கு அருகே வந்துவிடும். நிலா இருந்தால் வெளிச்சத்தில் கரைந்துபோகும். ஆக அமாவாசைதான் சரி. மாடியிலிருந்து பார்க்கலாமென்றால் தோல் பதனிடும் ஷாப்புகளின் புகை, தெருவிளக்கு. ஆலங்காயம் பக்கம் மலைக்குப் போகலாமென்றால் சிறுத்தை நடமாட்டம். மிஞ்சியது பாலாறு. திறந்த வானம், விளக்கில்லாத இருட்டு.

"அமாவாசைல ஆத்துல வேணாம் பாய்" என்றான் வேலாயுதம். காரணம் கேட்டும் சொல்லவில்லை. வண்டியைக் கரையோரமே நிறுத்தி, மாடுகளோடு மாடாக உட்கார்ந்துகொண்டான்.

கணவனும் மனைவியும் நடு மணலுக்கு நடந்தார்கள். ஹயாத் கோரைப்பாயை விரித்து அவளை உட்கார வைத்தார். கண் இருட்டுக்குப் பழக வேண்டுமென்று லாந்தரை அணைத்தார். முக்காலியை நிறுத்திக் குழாயை அந்த மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே குறிவைத்துத் திருப்பினார்.

அப்போதுதான் மூக்கில் ஏதோ குறைவது தெரிந்தது. ஆம்பூரில் எந்நேரமும் விட்டுப் போகாத தோல் வாடை இல்லை. அதற்குப் பதிலாகப் புதுவெள்ளத்தின் சேற்று வாடை.

முதுகுக்குப் பின்னால் ரஃபத் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட பேசற?"

"பக்கத்துல இருக்காங்களே, இவங்ககிட்டத்தான். வேலாயுதம் பொண்டாட்டிதானே?"

ஹயாத் குனிந்து பார்த்தார். பாயில் அவளைத் தவிர யாரும் இல்லை.

"வேலாயுதம் தனியாத்தானே வந்தான்."

ரஃபத் கிசுகிசுத்தாள். "எம்மேல சாஞ்சிருக்காங்க. உடம்பு ஜில்லுனு இருக்குது."

"எழுந்திரு. போய்டலாம்."

"பாத்துட்டுப் போலாம்." அவள் அவர் கையைப் பிடித்தாள். "அடுத்த அமாவாசைக்கு எனக்குக் கண்ணு இருக்குமோ என்னவோ."

ஹயாத் அவளைத் தூக்கி நிறுத்தி, அவள் கண்ணைக் கண்ணாடியில் பொருத்தினார். உதடுகள் தாமாகவே துஆ ஓதின.

ரஃபத் மூச்சை உள்ளே இழுத்தாள்.

"தெரியுது. பட்சி றெக்கை விரிச்ச மாதிரி இருக்குது. நடுவுல குட்டிக் குட்டியா நட்சத்திரம்."

அவள் அழுதாள். அந்த ஒரு நிமிடம் ஹயாத்துக்குப் பயம் மறந்துபோனது.

பிறகு அவள் கண்ணை எடுத்தாள்.

"போதும். பின்னாடி நிக்கறவங்களும் பாக்கணுமாம்."

பின்னாடி.

மணல் நெறிபட்டது. முதலில் ஒரு காலடி. பிறகு பல. துணியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்.

ஹயாத் தீக்குச்சியைக் கிழித்தார். ஒருவரும் இல்லை. ஆனால் காய்ந்த மணலில், அவர்களைச் சுற்றிலும், ஈரக் கால்தடங்கள். எல்லாம் தொலைநோக்கியை நோக்கியே நின்றன.

காற்றே இல்லை. குச்சி அணைந்தது.

அவர் ரஃபத்தை வாரிக்கொண்டு ஓடினார்.

வேலாயுதம் ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினான். கரையேறிய பிறகுதான் வாயைத் திறந்தான். "இருபத்தஞ்சு வருசம் முந்தி வந்த பெருவெள்ளத்துல கரையோரம் ஒரு தெருவே அடிச்சினு போச்சு பாய். என் அக்கா குடும்பமும் அதுலதான் போச்சு. நான் சொல்லியிருக்கணும்." வீட்டு விளக்கில் பார்த்தபோது ரஃபத்தின் இடது தோளிலிருந்து முழங்கை வரை புர்கா நனைந்து, செம்மண் சேறு அப்பியிருந்தது.

மறுநாள் நல்ல வெயில் வந்த பிறகு ஹயாத்தும் வேலாயுதமும் தொலைநோக்கியை எடுக்கப் போனார்கள். ஈரத்தடம் ஒன்றுகூட இல்லாத வெறும் மணலில் அது தனியாக நின்றது.

உச்சியைப் பார்த்தபடி அவர்கள் விட்டுவந்த குழாய் இப்போது மேற்கே தாழ்ந்து, மலை விளிம்பைப் பார்த்திருந்தது. ஒளிமேகம் மறைகிற இடம் அது. வானம் நகர நகர, குழாயையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால்தான் அங்கே வந்து நிற்கும். இரவு நெடுக யாரோ திருப்பியிருக்கிறார்கள்.

முக்காலியின் கால்களும் உள்ளே தள்ளிக் குட்டையாக்கப்பட்டு, திருகுகள் இறுக்கப்பட்டிருந்தன. கண் வைக்கும் இடம் ஹயாத்தின் இடுப்புக்கும் கீழே இருந்தது.

வேலாயுதம் தள்ளியே நின்றான். "அக்காவுக்கு மூணு பசங்க பாய்" என்றான்.

ஹயாத் மண்டியிட்டுக் குனிந்தார். கண் வைக்கும் கண்ணாடியில் மூச்சின் ஆவி படிந்திருந்தது. வெயிலில் அது மெல்லச் சுருங்கி மறைந்தது.

மறுபடியும் படிந்தது.