பரிசு மரத்தின் ஞானத்தாய்

"நான் வரமாட்டேன்னு அவகிட்டச் சொல்லிடு" என்று கலிஸ்தோ நாயிடம் சொன்னார்.

நாய் வாலை ஆட்டியது. போன கார்னிவலிலிருந்து இந்த வீட்டில் கணவன் மனைவியிடம் பேசுவது நாய் வழியாகத்தான் நடந்து வந்தது. இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுத்திருந்தது நாய் ஒன்றுதான்.

எர்மெலிந்தா அடுப்பிலிருந்து திரும்பினாள். ஊருக்கே காணும் அளவுக்கு முட்டைக்கோசும் ஆட்டுக்கறியும் கொதித்துக்கொண்டிருந்தன. ஒரு வாய் ருசி பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

"இன்னிக்கு ஒரு நாளாவது... ஞானத்தாய் ஜோடி இல்லாம நின்னா ஊர் சிரிக்குங்க! ஒரே ஒரு சுத்து ஆடிட்டு வந்துடுங்க. உங்க கால்ல விழறேன்!"

"பேர் எடுக்கணும்னு கோடரியை ஓங்கினப்போ என்னைக் கேட்டாளா? இந்தச் செலவுக்கு உழவு மாடு ரெண்டும் போச்சே, அப்பவாவது வெட்கப்பட்டாளா? கேளு!"

இதுவும் நாய்க்குத்தான்.

ஹவ்ஹா என்ற மலை நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் கார்னிவல் என்றால் மரம்தான். சதுக்கத்தில் ஒரு பெரிய மரத்தை நட்டு, கிளையெல்லாம் கம்பளியும் வாளியும் பானையும் கட்டித் தொங்கவிடுவார்கள். ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடி, முறை வைத்து வெட்டுவார்கள். யார் வெட்டில் மரம் சாய்கிறதோ, அந்த ஆளும் ஜோடியும் அடுத்த வருஷத்து ஞானப்பெற்றோர். மரம், வாத்தியம், சாப்பாடு, பீர் எல்லாம் அவர்கள் தலையில். அதனால் மரம் மெலிய மெலிய, ஊர் ஆண்களுக்குத் தோளில் பலம் குறைந்துகொண்டே போகும். கடைசியில் கோடரியால் மரத்தைத் தடவிக்கொடுப்பார்கள்.

கலிஸ்தோவின் தம்பி பொம்பேயோ, விழாக் கமிட்டித் தலைவர், மார்பில் பட்டையோடு உள்ளே வந்தார். அந்தப் பட்டையைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று ஊரில் ஒரு சந்தேகம் உண்டு.

"அண்ணி, என் பேச்சு முடியறவரைக்கும் மரத்தை யாரும் தொடக்கூடாது. 'குடும்பம் ஒரு கோயில்'தான் தலைப்பு."

"உங்க அண்ணன் வரமாட்டேங்கறாரு தம்பி..."

"அதை வெட்டறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். போட்டோ எடுக்க வர்றாங்க, சிரிச்ச முகமா நில்லுங்க."

மூலையில் தலை பின்னிக்கொண்டிருந்த நெலிதா நிமிரவில்லை. கலிஸ்தோவின் தங்கை, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டோடு வந்தவள். அண்ணி போட்ட சோற்றைத் தின்றாளே தவிர, இந்த ஒரு வருஷமாக அண்ணியின் முகத்தைப் பார்த்ததில்லை.

சதுக்கத்தில் ஊரே கூடியிருந்தது. எர்மெலிந்தா பூவேலைச் சால்வையும் தொப்பியுமாக மரத்தடியில் நின்றாள், கையில் ரிப்பன் சுற்றிய கோடரி. ஆடவேண்டியவர்கள் எல்லாம் ஜோடியாக நின்றார்கள். அவள் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"என்னக்கா, மாப்பிள்ளை மரத்து மேல ஏறிட்டாரா?" என்றாள் ஒருத்தி. சுற்றிலும் சிரிப்பு.

எர்மெலிந்தாவும் சிரித்து வைத்தாள். போட்டோவுக்கு வேண்டுமே!

போன வருஷம் இதே இடம்தான். பொழுது சாயும் நேரம். மரம் நார் அளவில் நின்றது. கோடரி அவள் முறைக்கு வந்திருந்தது; கலிஸ்தோ பீர் வாங்கப் போயிருந்தார். அப்போது கறுப்புத் துணி களையாத நெலிதா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அதை வெடுக்கென்று பிடுங்கினாள். "வருஷா வருஷம் அவரு ஆடின மரம் அண்ணி... அவரு இல்லாம இது மட்டும் எதுக்கு நிக்குது!" என்று வாத்திய இரைச்சலுக்குள் அலறிக்கொண்டே ஒரு போடு போட்டாள். மரம் சாய்ந்தது. சாய்ந்த மரத்தில் வாளி தொங்கும்போது கோடரி யார் கையில் என்று யார் பார்ப்பார்கள்? ஊரே பரிசுகளின் மேல் விழுந்து புரண்டது. துக்கம் கழியாதவள் மரத்தைத் தொட்டாள் என்று தெரிந்தால் செத்தவனின் வீட்டார் அவளை உரித்துவிடுவார்கள். தூசி அடங்குவதற்குள் எர்மெலிந்தா கோடரியை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

வைத்துக்கொண்டது கோடரியை மட்டும் என்றுதான் அப்போது நினைத்தாள்.

பொம்பேயோ மேடையில், தன் பேச்சுக் கோயிலின் மூன்றாவது படியில் இருந்தார். "...மனைவி என்பவள் யார்? விளக்கு! கணவன் என்பவன் யார்?..."

"போதும் நிறுத்துண்ணே!"

நெலிதா மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"போன வருஷம் மரத்தைச் சாய்ச்சது எங்க அண்ணி இல்ல... நான்! கறுப்புத் துணியோட நான்தான் வெட்டினேன்! அவங்க என் பழியை வாங்கிக்கிட்டாங்க. நான் வாயை மூடிக்கிட்டு அவங்க சமைச்சதைத் தின்னேன்... ஒரு வருஷமா அவங்களை நாயை விடக் கேவலமா நடத்தினாங்க, நான் பாத்துக்கிட்டே தின்னேன்!"

இறங்கி ஓடிவந்து எர்மெலிந்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அடிங்க அண்ணி... ஒரு அடியாவது அடிங்க!"

"சும்மா இருடி. பேச்சு நிக்கறதுக்கு ஒரு வழி பண்ணினியே, அதுக்கே உனக்குப் புண்ணியம்" என்றாள் எர்மெலிந்தா. சொல்லிக்கொண்டே சால்வை நுனியால் நெலிதாவின் முகத்தைத் துடைத்தாள்.

தன் பேச்சிலிருந்து ஊரில் ஒருவரும் தப்பக்கூடாது என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கி கட்டியிருந்தவர் பொம்பேயோ. அந்த வருஷம் அவரால் ஊருக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான். வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்டிருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்க ஓடிவந்தார் கலிஸ்தோ. கூட்டம் வழி விட்டது.

"ஏன்டி... ஏன்டி என்கிட்டச் சொல்லல?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை.

"நீங்க கேக்கலியே. 'ஏன் வெட்டின'ன்னு நாய் வழியா ஆயிரம் தடவை கேட்டீங்க. 'நீயா வெட்டின'ன்னு ஒரு தடவை கேட்டிருந்தா, உங்ககிட்டப் பொய் சொல்லியிருப்பேனா?"

கலிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். கண்ணீர் மீசையில் இறங்கி நின்றது.

சாக்ஸபோன்கள் தொடங்கின. எர்மெலிந்தா கையை நீட்டினாள். இருவரும் மரத்தைச் சுற்றினார்கள். பழகிய கைதான், ஆனால் அவளுக்கு வேற்றாள் கையைப் பிடித்ததுபோல் இருந்தது. எத்தனை சுற்று சுற்றினால் அது மாறும் என்று தெரியவில்லை.

"மன்னிச்சிட்டியா?" என்றார் காதோரம்.

"ஆடுங்க. ஊர் பாக்குது."

சுற்று முடிந்தது. முதல் வெட்டு ஞானத்தாயுடையது. ஊர் வழக்கப்படி தடவிக்கொடுக்கவில்லை அவள். இழுத்து ஓங்கி இறக்கினாள். மரம் உச்சிவரை அதிர, வாளிகள் கணகணத்தன. பொம்பேயோ பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். வயிற்றில் ஒரு வருஷமாகக் கிடந்தது எல்லாம் அந்தச் சிராயோடு தெறித்ததா என்றால், இல்லை. கொஞ்சம் தெறித்தது.

கோடரியைப் புருஷனிடம் நீட்டினாள்.

கைப்பிடியில் இன்னும் அவள் உள்ளங்கைச் சூடு இருந்தது. கலிஸ்தோ அதை வாங்கிக்கொண்டு, வெட்டாமல், பிடித்தபடியே நின்றார்.