கூரையின் மறுமுனை

"என் பென்சில் எங்கே, எனிட்?"

"காதுல இருக்கு."

கிளிஃப் காதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். நீல விளிம்புத் தட்டில் ஆப்பிள் கேக்கை மூடி எடுத்துக்கொண்டு எனிட் ஹெஸ்லப் வாசற்படி இறங்கினாள்.

கணவரோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மாலை நான்கு மணிக்கு அக்கா வீட்டிலிருந்து திரும்பினாள். ஆஷிங்டனில் அவர்கள் வீட்டுச் சின்னப் பின்தோட்டம்... புல்லில் குப்புறக் கிடந்த கொட்டகைக் கூரை... அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பூட்ஸ்!

பென்சில் அப்போதும் காதில்தான் இருந்தது.

மரண விசாரணையில் இரண்டு விஷயங்கள் சொன்னார்கள். விலைக்கு வாங்கி, கழற்றி எடுத்து வந்த பழைய மரக் கொட்டகையைத் தனியாளாகக் கோத்து நிறுத்தப் போய், கூரை சரிந்து விபத்து. இது ஒன்று. அடிபட்ட பிறகு ஒரு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும். இது இரண்டு.

முதலாவதை எனிட் நம்பவில்லை. இரண்டாவது அவளைத் தூங்கவிடவில்லை.

கப்பல் பட்டறையில் முப்பது வருடம் தச்சராக இருந்தவர் கிளிஃப். சோபாவைக்கூடத் தனியாக நகர்த்த மாட்டார். கூரை என்றால் நாலு கை வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுப்பார்.

அப்படியானால் மற்ற இரண்டு கைகள் யாருடையவை?

ஒரு வருடம் கொட்டகை தார்ப்பாய்க்குள் கிடந்தது. காற்றடித்தால் உள்ளே பலகைகள் தட்டிக்கொண்டன. டொக்... டொக்... கொல்லையிலிருந்து யாரோ டீ கேட்பது போல. எனிட் இரண்டு கோப்பைகளை எடுத்து வைப்பாள். பிறகு ஒன்றை ஈரம்கூடப் படாமல் திருப்பிக் கவிழ்ப்பாள்.

செப்டம்பர் வந்தது. அவர் விட்ட வேலையை முடித்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

ஒத்தாசைக்கு வந்தவர் பக்கத்து வீட்டு ராய்ஸ்டன் டர்ன்புல். மனைவி இல்லை, மக்கள் இல்லை. அவருக்கு உலகமே லீக்ஸ்தான். வெங்காயத் தாளின் பெரியண்ணன் போல, கை அளவு பருமனில் மண்ணுக்குள் வளர்ப்பார். வருடா வருடம் ஊர் மன்றத்தில் போட்டி. போட்டி நெருங்கினால், எவனாவது கத்தியோடு வந்து அறுத்துவிடுவான் என்று பாத்தியைவிட்டு நகர மாட்டார்.

இந்த வருடப் போட்டி நாளை. கிளிஃப் இறந்தது போன வருடப் போட்டியன்று. காலை எட்டு மணிக்கே லீக்ஸோடு மன்றத்துக்குப் போய்விட்டதாக ராய்ஸ்டன் விசாரணையில் சத்தியம் செய்திருந்தார்.

தரைப்பலகை போட்டாயிற்று. முதல் சுவரை ராய்ஸ்டன் நிமிர்த்திப் பிடித்தார். சரிவுக் கூரையை ஏந்தும் உயரமான சுவர் அது. எனிட் அவருடைய வேலிப் பக்கம் கை காட்டினாள்.

"அங்க இல்ல கண்ணு. உயரம் உன் சமையக்கட்டுப் பக்கம். என் பக்கம் தாழ்வு. என் லீக்ஸுக்கு வெயில் மறைக்கக் கூடாதுன்னு அவனே மாத்திட்டான்."

சுவரின் உள்பக்கம் எனிட்டைப் பார்த்திருந்தது. எந்தப் பலகைக்கும் உள்பக்கம்தான் எண் போடுவார் கிளிஃப். மழை அழிக்காது. அங்கே பென்சிலில் 2 அடிக்கப்பட்டு, 4 என்று எழுதியிருந்தது. கிளிஃப் போட்ட படத்தில் 2 வேலிப் பக்கம், 4 சமையக்கட்டுப் பக்கம்.



"எப்ப சொன்னார்?"

"அந்த... வாரந்தான். வேலியோரமா."

"வெள்ளிக்கிழமை ராத்திரி இதுக்காகவே ரெண்டு பேரும் கத்தினீங்க. சனிக்கிழமை காலைல டீ குடிக்கறப்பவும், உயரம் உன் பக்கம்னுதான் படம் போட்டார். நான் கிளம்பினது பத்து மணிக்கு. நீ எட்டு மணிக்கே போயிட்டியே, ராய்ஸ்டன்?"



சுவரைப் பிடித்தபடியே ராய்ஸ்டன் சொன்னார். எனிட் போனதும் கிளிஃப் வேலியோரம் வந்து கூப்பிட்டாராம். எண்ணை மாற்றிவிட்டேன், கோபம் வேண்டாம் என்றாராம். வெட்கமாகிப்போய் இவர் வேலி தாண்டிக் குதித்தாராம். வழியில் கிடந்த கூரையை ஆளுக்கொரு முனையாக...

"பலகைக் குவியலத் தாண்டணும்னு தலைக்கு மேல தூக்கிட்டோம். அப்ப என் பின்கேட்டு 'டணார்'னுச்சு. போட்டி அன்னிக்கு! எவனோ அறுக்க வந்துட்டான்னு... கைய விட்டுட்டு ஓடிட்டேன்."

"திரும்பி வந்தியா?"

"வந்தேன். முனகிட்டிருந்தான்."

"முனகினார்..."

"பன்னெண்டுக்கு மேல லீக்ஸ உள்ள எடுக்க மாட்டாங்க. வச்சிட்டு ஓடி வந்துரலாம்னு பாத்தேன். வந்தப்ப சத்தமே இல்ல."

"பரிசு வாங்கினியே."

"ரெண்டாவதுதான்."



"கேட்டுல யாரு வந்தது?"

"ஒருத்தருமில்ல. படியில ஒரு தட்டு இருந்துச்சு. நீல விளிம்பு. ஆப்பிள் கேக்கு. யார் வச்சாங்கன்னு இன்னி வரைக்கும் தெரியல."

வெள்ளிக்கிழமைச் சண்டை ஆறட்டும் என்று விடியற்காலையில் எழுந்து எனிட்டே செய்த கேக். தெருமுனையில் இருவரிடம் நின்று பேசிவிட்டு, பின்சந்து வழியாகப் பேருந்துக்குப் போகும்போது, அந்தக் கேட்டைத் திறந்து, தட்டைப் படியில் வைத்து, கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். செடிவேலிக்கு அப்பால் 'தொப்' என்று ஒரு சத்தம்கூடக் கேட்டது. பலகையைப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

அதை அவள் ராய்ஸ்டனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

"சுவரைப் பிடிச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

"போலீஸா?" என்றார் ராய்ஸ்டன். "நாளைக்குப் போட்டி முடிஞ்சப்புறம் கூப்பிடக் கூடாதா, கண்ணு?"

போலீஸிடம் விஷயத்தைச் சொல்லி, எந்த வழியாக வரவேண்டும் என்பதையும் எனிட் சொன்னாள். பின்சந்து. பக்கத்து வீட்டுக் கேட்.

இருபது நிமிடம். டொக்... டொக்... என்று தார்ப்பாய்க்குள் மிச்சப் பலகைகள் மட்டும்.

'டணார்!'

ராய்ஸ்டன் சுவரை விட்டுவிட்டுத் தன் பாத்தியைப் பார்த்து ஓடினார்.

சுவர் எனிட் முன்பு நின்றிருந்த பக்கமாகப் புல்லில் விழுந்தது, கிளிஃபின் 4 மண்ணைப் பார்க்க. அடியில் யாரும் இல்லை.

எனிட் போனை வைத்ததுமே பக்கவாட்டில் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.