வேண்டும் என்றவர் மூவர்

தேன்மலர் நகர் மூன்றாம் தெருவின் மனத்தில் இருந்ததைத் தெருமுனைப் பலகை, பால் வண்டி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டிருந்தது.

"கேள்வி: கடல் கொண்ட கீழ்க்குப்பத்து மக்களுக்கு உங்கள் தெருவின் காலி மனையில் வீடு கட்டித் தரலாமா? வேண்டும்: 3. வேண்டாம்: 61."

குஞ்சிதபாதம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தெரு நலச் சங்கத்தின் செயலாளர் அவர். போன மாதக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "அவங்களும் நம்ம சனம்தான்" என்று உருகி உருகிப் பேசியவர். அன்றைக்குக் கை தட்டாத வீடு கிடையாது.

"மூணுதானா?" என்றார் பக்கத்தில் வந்து நின்ற பல் டாக்டர் மங்கையர்க்கரசி. "ச்சே, என்ன ஜனங்க சார்! நம்ம ரெண்டு பேரு போக இன்னும் ஒருத்தர்தான் மனுஷன்."

"அதானே," என்றார் குஞ்சிதபாதம்.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற வைத்திலிங்கம் வந்து பலகையைப் படித்தார். அந்த இன்னொரு மனுஷன் தாம்தான் என்பதுபோல மீசையைத் தடவிக்கொண்டு போனார். வெயில் ஏறுவதற்குள், அந்த மூவரில் ஒருவராக இல்லாத ஆளே தெருவில் இல்லை என்றாகிவிட்டது.

முன்பெல்லாம் அரசின் 'மக்கள்செவி' தளத்தில் மக்களேதான் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குப்பை அள்ளினார்களா, சாக்கடை ஓடுகிறதா, விளக்கு எரிகிறதா என்று நாளெல்லாம் கேள்வி வரும். யாருக்குப் பொறுமை? கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரத்தை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அதனால்தான் வீட்டுக்கு ஒரு பதில்குரல் வந்தது. கைப்பேசிக்குள் இருந்துகொண்டு, வீட்டுக்காரர் எதை வாங்குகிறார், எங்கே தயங்குகிறார், யாரிடம் என்ன விசாரிக்கிறார் என்று பார்த்துப் பார்த்து அது பழகிக்கொள்ளும். கேள்வி வந்தால் அவர் மனத்தில் இருப்பதை அவருக்குப் பதிலாகச் சொல்லிவிடும். யார் என்ன சொன்னார் என்பதை அரசு வெளியே விடாது. பதில் தப்பு என்று தோன்றினால் ஒரு வாரத்துக்குள் நேரில் போய்த் திருத்தலாம். பத்துப் பேர் திருத்திவிட்டால் தெருவிடம் மறுபடி கேட்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை: திருத்தியவர் பெயர் பலகையில் ஏறும். நேரத்துக்கொரு பேச்சுப் பேசுகிறவர்களைக் கட்டுப்படுத்த அந்த ஏற்பாடு.

பதில்குரலுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. குஞ்சிதபாதம் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டார்.

"நாம வேணும்னுதானே சொன்னோம்?"

"வேணாம்னு சொன்னோம்." அவருடைய குரலேதான். முன்னால் வந்த செருமல்கூட அவருடையது.

"கூட்டத்துல பேசினது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுது. நல்லாத்தான் பேசினோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி, கேட்டை ரெண்டடி ஒசத்த முடியுமான்னு பட்டறையில விசாரிச்சோம். வீட்டை வித்தா இப்ப என்ன விலைக்குப் போகும்னு பார்த்தோம். மருமகன்கிட்ட, 'மீன் கூடை வந்துட்டுப் போனா சரி, எதுத்தாப்புலயே குடி வந்தா எப்படி மாப்ள'ன்னு சொன்னோம்."

குஞ்சிதபாதம் குழாயை மூடினார். பிறகு, ஈரமே படாத முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வாசலில் தேசம்மா கூடையை இறக்கியிருந்தாள். பல வருடமாக அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். கீழ்க்குப்பத்தைக் கடல் தின்ற பிறகு, அவள் சனம் மொத்தமும் புயல் காப்பகத்தில், பாய்க்கும் பாய்க்கும் நடுவே சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு கிடந்தது. மூன்றாம் தெரு வேண்டாம் என்றால், அடுத்து அவர்களுக்கு ஒதுக்கியிருந்த இடம் கரும்புக் காட்டுக்கு நடுவில். கடல் அங்கே காற்றில்கூட வராது.

"அந்த மூணு பேருல நீங்க ஒருத்தருன்னு எனக்குத் தெரியும் சார்," என்று வஞ்சிரத்தின் நடுத்துண்டை அவர் தட்டில் வைத்தாள். "அங்க போயி நா என்னாத்த விக்கிறது, கரும்பா? எங்க வூட்டுக்காரருக்குக் கடலப் பாக்காம எந்தப் பக்கம் திரும்பி ஒக்கார்றதுன்னே தெரியாது."

"பாத்துக்கலாம் தேசம்மா."

"நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியம்."

அன்று அந்த நடுத்துண்டை அவர் தட்டின் ஓரத்திலேயே ஒதுக்கி வைத்தார்.

கெடு முடியும் வெள்ளிக்கிழமை வரை பலகையில் ஒரு பெயரும் ஏறவில்லை. அன்று மாலை அவர் கிளம்பினார். மழையும் இல்லை, வெயிலும் தாழ்ந்திருந்தது; ஆனாலும் குடையை முகத்துக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டு சேவை நிலையத்துக்குப் போனார்.

உள்ளே பட்டா, குடிநீர், பிறப்புச் சான்று என்று வரிசையாகக் கவுன்ட்டர்கள். கடைசியில் 'பதில் திருத்தம்'. அதன் முன்னால் ஈ, காக்கை இல்லை. மற்ற கவுன்ட்டர்களின் பெஞ்சுகளில் மூன்றாம் தெரு உட்கார்ந்திருந்தது.

"அட, சார் எங்க இந்தப் பக்கம்?" என்றார் மங்கையர்க்கரசி.

"பட்டா நகல் ஒண்ணு வாங்கணும். நீங்க?"

"தண்ணி வரி."

எழுபது வயது வைத்திலிங்கம் பிறப்புச் சான்று பெஞ்சில் இருந்தார்.

"யாருக்குச் சான்று?" என்று கேட்டார் குஞ்சிதபாதம்.

"எனக்குத்தான்," என்று வைத்திலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

திருத்தக் கவுன்ட்டரில் இருந்த பெண் தலையை நீட்டினாள். "தேன்மலர் நகர் மூணாவது தெரு, யாராச்சும் இருக்கீங்களா? அஞ்சு மணியோட முடியுது."

குஞ்சிதபாதம் முகங்களை எண்ணினார். பத்துக்கு மேலேயே இருந்தது. எழுந்தால் போதும். ஆனால் எழுந்தால், அந்த மூவரில் தாம் இல்லை என்று ஆகிவிடும். வேறு யாராவது முதலில் எழுந்துவிட்டால் பின்னாலேயே போய்விடலாம் என்று காத்திருந்தார். எல்லா பெஞ்சுகளும் அதற்காகத்தான் காத்திருந்தன. முழங்காலில் கையை ஊன்றினார். மங்கையர்க்கரசி திரும்பிப் பார்த்தார். ஊன்றிய கை, மூட்டு வலிக்காரரின் கைபோல முழங்காலைத் தடவிக்கொடுத்தது.

"கடைசியாக் கேக்கறேன் சார், யாராச்சும்?"

யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். கவுன்ட்டரின் இரும்புத் தடுப்பு கடகடவென்று இறங்கியது.

ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் படியிறங்கினால், கீழே தேசம்மா. கெடு முடிகிறதென்று காப்பகத்தில் இருந்து ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"ஐயோ, தெருவே வந்துடுச்சே!" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மூணுன்னு பாத்ததும் இனிமே கரும்புக் காடுதான்னு ஆயிடுச்சு சார். அப்பறம் நானே நெனச்சுக்கினேன், மொதல்ல வேணாம்னு தோணுறது என்னா பெரிய குத்தம்? வெளியூரு வலைக்காரன் எங்க குப்பத்துல வந்து குடியேறுறேன்னா எங்களுக்கும் அப்பிடித்தான் தோணும். தோணுனத மாத்திச் சொல்ல இத்தினி பேரு வந்து நிக்கிறீங்க பாருங்க, அது போதும் சார்." இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். "அப்ப மறுபடி கேப்பாங்கல்ல?"

குஞ்சிதபாதத்தின் சட்டைப் பை செருமியது.

"திருத்தப் போனோம், திருத்தாமலே வந்துட்டோம்," என்றது அவருடைய குரல், தெருவுக்கே கேட்கும்படி. "நம்ம பதில் உறுதியாயிடுச்சு. இனிமே இந்த மாதிரி கேள்விக்கு நம்மளக் கேக்க வேண்டியதில்ல."

அவர் பையைப் பொத்தினார். அதற்குள் மங்கையர்க்கரசியின் கைப்பைக்குள் மங்கையர்க்கரசியின் குரல் அதையே சொன்னது. வைத்திலிங்கத்தின் இடுப்பிலிருந்து வைத்திலிங்கம் சொன்னார். படி நெடுக, ஒவ்வொரு பையிலிருந்தும் அவரவர் குரல்.

கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் தேசம்மா நின்றுகொண்டிருந்தாள்.